மைனஸ் 19-ல் ஒரு பொங்கலும் நான் அடைத்த ஓட்டையும்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு சடங்கு உண்டு. போன வருடக் கட்டுரைகளைத் தோண்டி எடுத்து, தேதியை மாற்றி, புதுப் படம் வைத்து, மறுபடியும் ஏற்றுவது. மார்கழி கோலம், மூட்டு வலிக்குக் கஷாயம், பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட், கூடவே ஊட்டி. தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடக்கிற ஒரு படம் போதும். ‘உறைபனியில் நடுங்கும் ஊட்டி!’ என்று ஆச்சரியக்குறியோடு தலைப்பு வைத்துவிடுவோம்.

போன வாரம் சீஃப் கூப்பிட்டார். “அந்த ஊட்டி குளிர் டிப்ஸ் இருக்குல்லம்மா, அதைக் கொஞ்சம் அப்டேட் பண்ணிடு. நல்லா போகும்.”

எடுத்துப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதியது. ‘குளிரைச் சமாளிக்க 7 எளிய வழிகள்’. முதல் மூன்று வழிகள் ஸ்வெட்டர், சாக்ஸ், சுக்குக் காபி. நாலாவதில் வந்து நின்றுவிட்டேன். ‘இரவில் அறையின் கதவு, ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாவற்றையும் காற்றுப் புகாமல் இறுக அடைத்துவிடுங்கள். ஹீட்டரோ கரி அடுப்போ வைத்துக்கொண்டால் அறை விடிய விடியக் கதகதப்பாக இருக்கும்.’

எழுதியபோது என் வயது 22. ஊர் விருதுநகர். எங்கள் ஊரில் ஸ்வெட்டர் என்பது கைக்குழந்தைக்குப் போடுவது. அதுவரை நான் பார்த்த அதிகபட்சக் குளிர், காலேஜ் டூரில் கொடைக்கானலில் ஒரு ராத்திரி. மூன்று பேர் ஒரு போர்வைக்கு அடித்துக்கொண்ட ராத்திரி. அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு ஊருக்கே வழி சொல்லியிருக்கிறேன்.

இந்த வாரம் அந்த நாலாவது வழியைப் பற்றித்தான்.

அக்கா வீட்டுக்காரருக்கு வங்கி வேலை. போன வருடம் லடாக்கில் இருக்கிற லே நகரத்துக்கு மாற்றல் வந்தது. “ரெண்டு வருஷம்தான், கண்ணை மூடித் திறந்தா ஓடிடும்” என்று அத்தான் சொல்ல, அக்காவும் கிளம்பிப் போய்விட்டாள். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கா போனில் அழவில்லை. ஆனால், “பரவாயில்லம்மா” என்று மூன்று தடவை சொன்னாள். அம்மாவுக்கு அது போதும்.

“அவ வரலைன்னா என்ன, நாம போவோம்.”

அப்பாவுக்கு வீசிங் இருப்பதால் அவ்வளவு உயரத்துக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக அம்மாவும் நானும். அம்மாவின் பெட்டியில் முறுக்கு, அதிரசம், பச்சரிசி, மண்டை வெல்லம், தேங்காய் எண்ணெய், இரண்டடி நீளத்துக்கு வெட்டிய கரும்பு, மஞ்சள் கொத்து, வெண்கலப் பானை. என் பெட்டியில், டெல்லியில் பேரம் பேசி வாங்கிய ஜாக்கெட்டுகள். ஏர்போர்ட்டில் ஸ்கேன் பண்ணிய பையன் பானையைத் திரையில் பார்த்துவிட்டு, அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டான்.

டெல்லியிலிருந்து விடிகாலை விமானம். மலைகளுக்கு நடுவே நுழைந்து வளைந்து இறங்கும்போது, வெளியே மைனஸ் 14 டிகிரி என்று அறிவித்தார்கள். நம்மிடம் எண் இருக்கிறது, அதற்கான உடம்பு இல்லை. கதவு திறந்து முதல் மூச்சை இழுத்தேன். மூக்குக்குள் இருக்கிற மெல்லிய ரோமம் ஒவ்வொன்றும் விறைத்து நின்றதை உணர முடிந்தது. யாரோ உள்ளே குண்டூசியால் தட்டிப் பார்ப்பது போல. அம்மா சொன்னாள், “கண்ணுல தண்ணி வருதுடி, அதுவும் சில்லுனு வருது.”

லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியை விட ஒன்றரை மடங்கு உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்ஸிஜன், நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் போய் இறங்கியதும் இரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டும். குனிந்து நிமிர்ந்து வேலை செய்யக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது. இல்லாவிட்டால் தலைவலி, குமட்டல், மயக்கம் என்று மலை தன் வேலையைக் காட்டும். எங்கள் அம்மாவை இரண்டு நாள் சும்மா உட்காரவைப்பது எப்படி என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

அத்தான் கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் ஒன்றை வைத்திருந்தார். அம்மா விரலில் மாட்டினால் 89. நம் ஊரில் 89 என்றால் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டிருப்போம். “இங்க இது சாதாரணம் அத்தை, 85-க்குக் கீழ போனா மட்டும் சொல்லுங்க” என்றார் அத்தான். அந்தக் கருவி பின்னால் கதையில் வரும். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா குடியிருப்பது ஒரு லடாக்கி குடும்பத்தின் வீட்டில். கீழே இவர்கள், மேலே ஹவுஸ் ஓனர்கள். அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. லடாக்கி மொழியில் பாட்டிக்கு ‘அபி-லே’. அந்த ‘லே’ நம்முடைய ‘ங்க’ மாதிரி ஒரு மரியாதை. எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே. அம்மாவுக்கு இந்தி தெரியாது, அபி-லேவுக்குத் தமிழ் தெரியாது. முதல் நாள் மதியமே இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா முறுக்குக் கொடுத்தாள். அபி-லே காய்ந்த பாதாமி கொடுத்து, உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த டீயை ஊற்றினார். அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் முகம் மாறாமல் சொன்னாள்: “ரசம்னு நினைச்சுக் குடிச்சிடு.”

குளிர் என்றால் நடுங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். நடுக்கம் ஜாக்கெட் போட்டதும் போய்விடுகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் குளிர். தண்ணீர்க் குழாய் உறைந்து கிடக்கும், ஆகவே தண்ணீரை லாரியிலோ அடிபம்பிலோ பிடித்து வீட்டுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். தக்காளி கல்லாகிவிடும், முட்டை வெடித்துவிடும் என்பதால், இங்கே கெட்டுப்போகாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைக்கிற சாமானை, அங்கே உறைந்துபோகாமல் இருக்க ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். துவைத்துக் காயப்போட்ட துண்டை ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அப்பளம். செல்போன் 60 சதவீத சார்ஜில் செத்துப்போகும், சட்டைக்குள் வைத்துச் சூடாக்கினால் பிழைத்து வரும். சமையல் கேஸ்கூட மந்தமாகிவிடும். சிலிண்டருக்குள் இருக்கிற பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போனால் ஆவியாக மறுக்கும், அடுப்பில் நீலப் பொட்டுதான் எரியும். அதனால் சிலிண்டருக்குக் கம்பளி போர்த்தியிருந்தாள் அக்கா. வண்டிகளுக்கு டீசல் உறைவதும் அங்கே பெரிய பிரச்னை. மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019-ல்தான் லடாக்குக்கென்று கொண்டுவந்தது. அதற்கு முன்பு மண்ணெண்ணெய் கலப்பார்களாம், டாங்கிக்கு அடியில் நெருப்பு மூட்டுவார்களாம். பக்கத்து வீட்டு டிரைவர் சொன்னார்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அதைக் கத்தியால் வெட்டித் தலைக்கு வைத்துக்கொண்டாள்.

இதெல்லாம் இரவின் கதை. பகலில் வெயில் பளீரென்று அடிக்கும். வெயிலில் உட்கார்ந்தால் ஜாக்கெட்டைக் கழற்றத் தோன்றும். ஓரடி நகர்ந்து நிழலுக்குப் போனால் முதுகில் ஐஸ் கட்டி வைத்தது போல இருக்கும். காற்றில் ஈரமே இல்லை, உதடு பிளந்து ரத்தம் வரும்.

பொங்கல் அன்று காலை அம்மா எங்களுக்கு முன்னால் எழுந்துவிட்டாள். நாற்பது வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? வாசல் தெளித்துவிட்டாள். ஒரு வாளி தண்ணீர். கோலப்பொடி எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் வாசல் கண்ணாடியாகிவிட்டது. பால் வாங்கிவந்த அத்தான் அதில் கால் வைத்து, கேட் வரை உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். பால் சிந்தவில்லை. மாப்பிள்ளை மேல் அம்மாவுக்கு இருந்த மரியாதை அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கூடியது.

சூரியன் மலையைத் தாண்டி எங்கள் மொட்டைமாடிக்கு வர எட்டரை மணி ஆனது. மூன்று கல் வைத்து, விறகு மூட்டி, பானையில் பால் ஊற்றினோம். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே பொங்கிவிட்டது. “பொங்கலோ பொங்கல்!” என்று கத்தினோம், மூச்சு வாங்கியது. மேல்வீட்டுக்காரர்கள் எல்லோரும் வந்து கைதட்டினார்கள். அதற்கப்புறம்தான் சோதனை. அரிசி போட்டு அரை மணி, முக்கால் மணி, ஒன்றே கால் மணி. கொதிக்கிறது, கொதிக்கிறது, வேகவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு விறகு தள்ளினாலும் சூடு ஏறாது. பொங்கல் பொங்கும், ஆனால் வேகாது. கடைசியில் எல்லாவற்றையும் வழித்துக் குக்கரில் போட்டு எட்டு விசில் விட்டோம். கரும்பை இரவு பால்கனியில் வைத்திருந்தோம், அது இரும்பாகிவிட்டது. அபி-லே அதைக் கம்பு என்று நினைத்து, கையில் ஊன்றிப் பார்த்துவிட்டு, இது போதாது, இன்னும் நீளம் வேண்டும் என்று சைகை செய்தார்.

சந்தோஷமான நாள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அன்று ராத்திரிக்குப் போக எனக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

பொங்கல் சாப்பிட அத்தானின் நண்பர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். திருநெல்வேலிக்காரர் ஒருவர், சேலத்துக்காரர் ஒருவர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். ரோடு முழுக்க ஐஸ், இருட்டில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று அத்தான் அவர்களைத் தங்கச் சொன்னார். முதல் இரண்டு ராத்திரியும் நாங்கள் எல்லோரும் பெரிய ஹாலில் ‘புகாரி’க்குப் பக்கத்தில்தான் படுத்தோம். புகாரி என்பது தகர அடுப்பு. விறகோ சாணமோ போட்டு எரிப்பார்கள், புகைபோக்கிக் குழாய் கூரைக்கு மேலே போகும். விருந்தாளிகள் ஹாலில் படுத்ததால் அன்று அம்மாவுக்கும் எனக்கும் பக்கத்து அறை. அங்கே புகாரி இல்லை. சிலிண்டரில் ஓடுகிற கேஸ் ஹீட்டர், பழைய மாடல், குழாயும் கிடையாது.

அத்தான் வந்து பற்றவைத்துக் கொடுத்தார். “தூங்குறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணிடுங்க அத்தை. மேல இருக்கிற ஓட்டையை மூடிடாதீங்க, காத்து வரணும்.” ஜன்னலுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஒரு ஓட்டை. முன்பு எப்போதோ புகாரிக் குழாய் போன வழி.

வெளியே மைனஸ் 19. அந்த ஓட்டை வழியாக வந்த காற்று நேராக அம்மாவின் தலையில் இறங்கியது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, தலையோடு போர்த்திக்கொண்டு குறுகினாள். அந்தக் குறுகல்தான் என்னால் தாங்க முடியவில்லை. இவ்வளவு தூரம் அழைத்துவந்து அம்மாவை நடுங்கவைக்கிறோமே என்று இருந்தது. காற்று வரணும் என்கிறாரே, குளிரில் காற்று எதற்கு வரணும்? எனக்குத்தான் தெரியுமே, நாலாவது வழி. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைச் சுருட்டி, நாற்காலி மேல் ஏறி, ஓட்டையில் திணித்தேன். ஹீட்டரை அணைக்காமல் சின்னதாக எரியவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் அறை இதமாகிவிட்டது. அம்மா கால் நீட்டிப் படுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு மணி வாக்கில் விழித்தேன். தலை வலித்தது. நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கினாற்போல. திரும்பிப் பார்த்தால் அம்மாவும் விழித்திருந்தாள்.

“தலை விண்ணு விண்ணுங்குதுடி. வயித்தைப் பிரட்டுது.”

“உயரம்மா. சில பேருக்கு லேட்டாத்தான் தலை வலிக்கும்னு நெட்ல போட்டிருக்கு.”

ஆக்ஸிமீட்டர் தலைமாட்டில்தான் இருந்தது. அம்மாவுக்கு 91. எனக்கு 93. பகலைவிட அதிகம். பார்த்தியா, நல்லாத்தான் இருக்கு என்று அம்மாவிடம் காட்டினேன். தலைவலி மாத்திரை கொடுத்தேன். நானும் ஒன்று போட்டுக்கொண்டு, மறுபடியும் தூங்கிவிட்டேன்.

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. தூங்கிவிட்டேன்.

மணி நாலு இருக்கும். அம்மா பாத்ரூம் போக எழுந்திருக்கிறாள். கால் நிற்கவில்லை. கதவைப் பிடித்துத் திறந்தவள் அப்படியே நடையில் விழுந்து வாந்தி எடுத்தாள். சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா விழுந்துவிட்டாள் என்று தெரிந்தது. எழ வேண்டும் என்றும் தெரிந்தது. கையும் காலும் என் பேச்சைக் கேட்கவில்லை. பயம்கூட வரவில்லை. அப்புறம் எழுந்துக்கலாம் என்று நிதானமாகத் தோன்றியது. அந்த நிதானத்தைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

ஹாலில் நாலு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்குக் கேட்கவில்லை. மேலே அடுப்பு மூட்ட எழுந்திருந்த அபி-லேவுக்குக் கேட்டது. படியிறங்கி வந்தவர், அம்மாவை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, நேராக எங்கள் அறைக்குள் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஹீட்டரைப் பார்த்தார். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கத் தண்ணீர் வழிந்து அப்படியே ஐஸாகி இருந்தது. அப்புறம் மேலே பார்த்தார். ஊன்றுகோலால் ஒரே குத்து, சேலை கீழே விழுந்தது. ஹீட்டரை அணைத்தார். ஜன்னலை விரியத் திறந்தார்.

மைனஸ் 19 முழுசாக உள்ளே வந்தது. நான் கத்தினேன் என்று அக்கா சொல்கிறாள். அந்தக் கத்தலில்தான் எல்லோரும் எழுந்தார்களாம். எனக்கு நினைவிருப்பது அபி-லே என் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போனது மட்டும்தான். எழுபது வயதுக்கு மேல், என் தோள் உயரம்.

மருத்துவமனையில் இருவருக்கும் மாஸ்க் மாட்டி மணிக்கணக்கில் ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி. “ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்ததா? வெளியே வந்ததும் குறைந்ததா?” இரண்டுக்கும் ஆமாம். உயரத்தால் வருகிற தலைவலி ஜன்னலைத் திறந்தால் குறையாது.

கார்பன் மோனாக்ஸைடு. கேஸ், கரி, விறகு, எதுவும் சரியாகக் காற்றுக் கிடைக்காமல் எரிந்தால் வருகிற வாயு. நிறம் இல்லை, மணம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை, ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். இருக்கிற சீட்டில் எல்லாம் துண்டு போட்டுவிடுகிற ஆள் மாதிரி. ஆக்ஸிஜன் வந்தால் உட்கார இடம் இருக்காது. லே போன்ற இடத்தில் ஏற்கெனவே ஆக்ஸிஜன் குறைவு என்பதால் அடுப்பும் சரியாக எரியாது, உடம்பிலும் இருப்புக் கிடையாது.

ஆக்ஸிமீட்டர் ஏன் 91 காட்டியது என்று கேட்டேன். அந்தக் கருவி ஒளியைப் பாய்ச்சி ரத்தத்தின் சிவப்பைத்தான் பார்க்கிறதாம். இந்த வாயு ஏறிய ரத்தமும் நல்ல சிவப்பாகவே இருக்கும். விரலில் மாட்டுகிற கருவிக்கு வித்தியாசம் தெரியாது. நான் அம்மாவிடம் காட்டிய 91-ஐ நினைத்துக்கொண்டேன்.

இனிமேல்தான் நான் இவ்வளவு நாளாக யாரிடமும் சொல்லாத விஷயம்.

மாஸ்க்கோடு படுத்திருந்தபோது அத்தான் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். கோபம் இல்லை, முகம் வெளுத்திருந்தது. “ஓட்டையில துணி வச்சது யாரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா மாஸ்க்கை இழுத்துவிட்டுச் சொன்னாள். “நான்தான் மாப்பிள்ளை. தலையில காத்து அடிச்சுது.”

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா சொன்னாள். அன்றைக்கு, மறுநாள், அதற்கு மறுநாள். “ஒனக்குச் சொன்னா கேக்கவே மாட்டியாம்மா? ஒன்னாலதான் இவளும் செத்துப் பொழைச்சா.” அம்மா வாங்கிக்கொண்டாள். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. முதலில் வாயில் மாஸ்க் இருந்தது. அப்புறம் அது இல்லாமலும் சொல்லவில்லை.

மீதி நாலு நாளும் நாங்கள் அபி-லேயின் சமையலறையில்தான் இருந்தோம். அப்போதுதான் கவனித்தேன். குளிர்காலத்தில் அந்த வீடே அந்த ஒரு அறைக்குள் வந்துவிடுகிறது. சமைப்பது, சாப்பிடுவது, படிப்பது, ஜெபமாலை உருட்டுவது எல்லாம் அடுப்பைச் சுற்றித்தான். அடுப்புக்குக் கூரை வரை குழாய். அது போதாதென்று கூரையில் ஒரு சின்னத் திறப்பு. வெளியே மைனஸ் 20 ஆனாலும் அதை முழுதாக மூடுவதில்லை. படுக்கும்போது அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். விடிகாலையில் அறைக்குள்ளேயே குடத்துத் தண்ணீரின் மேல் மெல்லிய ஐஸ் படிந்திருக்கும், யாரும் அலட்டிக்கொள்வதில்லை. கனமான மெத்தை, ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கம்பளி, கால் பக்கம் வெந்நீர்ப் பை, தலைக்குக் குல்லாய். அவர்கள் சூடாக வைத்துக்கொள்வது உடம்பை, அறையை அல்ல. நமக்கு மின்விசிறியும் ஏசியும் பழகிய புத்தி, எதையும் அறைக்குத்தான் செய்யத் தோன்றுகிறது.

நம் ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் பார்பிக்யூ முடிந்து மிச்சமிருந்த கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை இதே டெஸ்க்கில் நாங்கள் போட்டிருக்கிறோம். கனிந்த கரியில் புகை வராது, அதனால் ஆபத்து இல்லை என்று நினைப்போம். புகை வராத அந்தக் கரிதான் இந்த வாயுவை அதிகம் விடும். குளிர்கூட வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்கும் குழந்தைக்கும் காற்றுப் படக் கூடாது என்று ஜன்னலை அடைத்து, கட்டிலுக்கு அடியில் தணல் சட்டி வைத்து சாம்பிராணி போடுகிற வீடுகள் விருதுநகரில் எனக்குத் தெரிந்தே உண்டு. மழைநாளில் கரன்ட் போனால் ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓடவிடுகிறவர்களும் உண்டு. சாம்பிராணி போடுங்கள். தணலைக் கொண்டுவந்து காட்டிவிட்டு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். நாலாவது வழியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். ‘அறைக்குள் கரி அடுப்பு கூடவே கூடாது. கேஸ் ஹீட்டர் என்றால் தூங்கும் முன் அணைத்துவிடுங்கள், ஜன்னலில் ஒரு விரற்கடை திறந்திருக்கட்டும். ஒரே அறையில் இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலை வலித்தால் மாத்திரை தேடாதீர்கள், முதலில் எல்லோரும் வெளியே வந்து பிறகு மருத்துவமனைக்குப் போங்கள்.’

சீஃப் படித்துவிட்டு, “என்னம்மா இது, மத்த ஆறும் ரெண்டு வரி, இது மட்டும் இவ்வளவு நீளம்?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “முதல் வழியா மேல தூக்கிப் போடு” என்றார். சுக்குக் காபி நாலாவது இடத்துக்குப் போயிருக்கிறது.

பழைய கட்டுரையை எத்தனை பேர் படித்தார்கள் என்று எங்கள் கணினியில் பார்க்க முடியும். பார்த்தேன். அந்த எண்ணை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அந்தச் சுங்குடிச் சேலை லேயிலேயே தங்கிவிட்டது. அபி-லே அதைத் துவைத்து, நாலாகக் கிழித்து, ரொட்டி சுற்றி வைக்க எடுத்துக்கொண்டாராம். மெல்லிசான துணி, ரொட்டி ஈரமாகாமல் இருக்கிறது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார்.

நேற்று அம்மாவுக்குப் போன் செய்து, இந்த வாரம் இதைத்தான் எழுதப்போகிறேன் என்றேன். யார் துணி வைத்தது என்பதையும் சேர்த்து.

“எழுது. ஆனா அக்காகிட்ட முதல்ல நீயே சொல்லிடு. பத்திரிகையில பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா என்னையும் சேத்து ஏசுவா.”

இன்னும் சொல்லவில்லை. மறுபடியும் டிசம்பர், லேயில் நெட் விட்டு விட்டுத்தான் வருகிறது என்று அத்தான் போன வாரம் புலம்பினார். அக்காவுக்கு இந்தப் பக்கம் திறப்பதற்குள் போன் போட்டுவிட வேண்டும்.